சாப்பாட்டுப் பை என்று வழிவிட்டார்கள்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அதற்கும் சேர்த்துத்தான் தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கம். இங்கே நாங்கள் அனைவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. ஆனால் ‘அனைவரும்’ என்று எழுத இந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை, ‘நலம்’ என்று எழுத எனக்கு முகம் இல்லை. ஆகவே அந்த வரியைத் தாண்டிப் போகிறேன், மன்னிக்கவும்.

முந்தாநாள் நீங்கள் போன் செய்தபோதே இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, உங்களோடு போனில் பேசுகிறவர்கள் நீங்கள் மூச்சு வாங்குகிற இடைவெளியில்தான் பேச முடியும், கோபமாக இருக்கும்போது நீங்கள் மூச்சே வாங்குவதில்லை. “என் கூடப் பொறந்தவன் கருங்காலியா? சொந்தப் பொண்ணு மாதிரி பார்த்துக்கிறேன்னு என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயி, அவ முதுகிலேயே குத்திட்டானா? இனிமே அவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். கையில் மாவு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உங்கள் தம்பியும் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அக்கா நல்லாத்தான் பேசுறாங்க, ஜலதோஷம் போயிடுச்சு போலிருக்கு” என்று மட்டும் சொன்னார். நீங்கள் திட்டிய அத்தனையும் ஆள் தெரியாமல் அவர் தலையில் விழுந்தது. கருங்காலி உங்கள் தம்பி இல்லை அண்ணி. நான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நம் பாப்பா மாதிரி ஆராய்ச்சி மாணவர்கள்தான் பல்கலைக்கழகத்தில் பாதி வகுப்பை எடுக்கிறார்கள், பாதிப் பேப்பரைத் திருத்துகிறார்கள். சம்பளம் கேட்டால் “நீங்க மாணவர்கள்தானே” என்கிறார்களாம், லீவு கேட்டால் “நீங்க வேலையில இருக்கிறவங்கதானே” என்கிறார்களாம். உதவித்தொகை வந்து எத்தனையோ மாதம் ஆகிறது. தற்காலிக ஆசிரியர்கள் கதையும் இதுதான், தலை நரைத்தவர்களைக்கூட வருஷா வருஷம் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மாதிரி கையெழுத்துப் போட வைக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து வேலைநிறுத்தம் என்றார்கள். வகுப்பு எடுப்பதில்லை, அதைவிட முக்கியமாக, மார்க் கொடுப்பதில்லை. மார்க் வராவிட்டால் ரிசல்ட் இல்லை, ரிசல்ட் இல்லாவிட்டால் மேலிடம் இறங்கி வந்தே ஆகவேண்டும் என்று கணக்கு. நிரந்தரப் பேராசிரியர்களும் கூடச் சேர்வதா என்று கூட்டம் போட்டபோது உங்கள் தம்பியும் கை தூக்கினார். இத்தனை வருஷ வேலையில் அவர் ஒரு கூட்டத்தில் கை தூக்கினார் என்றால் அது ஃபேனைக் குறைக்கச் சொல்லத்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா. பாப்பா வீட்டுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “அத்தை, மாமா தூக்கினதைப் பார்த்துட்டுப் பின் வரிசை மொத்தமும் தூக்கிட்டாங்க அத்தை! அவரே தூக்கிட்டாருன்னா நமக்கென்னன்னு!” அவள் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போது சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

வேலைநிறுத்தத்துக்கும் உங்கள் தம்பி டைம்டேபிள்படிதான் போனார். வகுப்பு இருக்கிற நேரத்துக்குக் குடையோடு பல்கலைக்கழக வாசலில் போய் நிற்பார், வகுப்பு முடிகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். “வகுப்பே இல்லாத நேரத்துல நான் எதை நிறுத்துறது?” என்று கேட்பார். கோஷம் போட வராது. மற்றவர்கள் போடும்போது தொண்டையைச் செருமிக்கொள்வார். நம் வீட்டுக் கூடம் போராட்ட ஆபீஸ் ஆகிவிட்டது. தாடி என்று ஒரு பையன், ஆராய்ச்சி முடிந்தால்தான் சவரம் என்று சபதமாம், நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. சங்கு என்று ஒரு பெண், மைக் இல்லாமலே அடுத்த தெரு வரைக்கும் பேசுவாள். என் நல்ல போர்வை ஒன்று பேனராகப் போய் வாசலில் தொங்குகிறது, வெயிலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே எடுத்து மடிக்கக் கை பரபரக்கும். மதியம் நானே பெரிய பைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். வாசல் பந்தலில் பாதிப் பேர், உள்ளே ஆபீஸ் படிக்கட்டில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு இடத்துக்கும் கொடுப்பேன். சாமியிடம் போராட்டம் ஜெயிக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், பரீட்சை எழுதின பிள்ளைகளுக்கு ரிசல்ட் சீக்கிரம் வரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்பது வேண்டும்போது தோன்றவில்லை. சாமி என்ன செய்யும், பாவம்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டிரைக்குக்கு முன்பே திருத்தக் கொடுத்த விடைத்தாள் கட்டு எங்கள் அறை அலமாரியில் இருந்தது. மத்தியானம் “கொஞ்சம் படுக்கிறேன்” என்று கதவைச் சாத்திக்கொள்வார். குறட்டைச் சத்தம் வரவேண்டிய இடத்தில் பேனாச் சத்தம் வந்தது. திறந்து பார்த்தால் தலையணை மேல் பேப்பரைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார்.

“என்னங்க இது?”

“சும்மா படிச்சுக்கிட்டிருந்தேன்.”

“சிவப்பு பேனாவோடயா?”

“கையில ஒண்ணும் இல்லாம எனக்குப் படிக்க வராது.” அப்புறம் குரலை இறக்கி, “பாப்பாகிட்ட சொல்லிடாதே. அலமாரியைத் திறந்தா அதுங்க என்னைப் பார்க்குது. என்னால முடியலை” என்றார்.

சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்கு மேல் நான் செய்ததையும் கேளுங்கள். அவர் திருத்தினால் கூட்டல் போடுவது நான் என்பதுதான் இந்த வீட்டு வழக்கம், நீங்களே “பட்டம் அவனுக்கு, கணக்கு உனக்கு” என்று கேலி பண்ணியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் படித்துப் படித்தே எழுத்தும் கணக்கும் பிடிபட்டது, அதனாலோ என்னவோ கூட்டாமல் கிடக்கிற எண்களைப் பார்த்தால் கழுவாமல் கிடக்கிற பாத்திரம் மாதிரி எனக்கு இருப்புக்கொள்ளாது. அடுப்பில் ஒரு கண், பேப்பரில் ஒரு கண் என்று அத்தனையையும் கூட்டிவிட்டேன். ஒரு பையன் கடைசிப் பக்கத்தில், “ஐயா, இதற்கு முன் எழுதிய பதில்களைப் பெரிதுபடுத்தாமல் பாஸ் போடவும், வீட்டில் சொல்லிவிட்டேன்” என்று எழுதியிருந்தான். அவனுக்காகத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், ஏறவே மாட்டேன் என்றது. இந்தப் பிள்ளைகளெல்லாம் வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் காத்திருக்கிறதுகளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

எல்லாம் முடிந்தது. அவர் கட்டைக் கட்டி வைத்துவிட்டு, “இதை இனிமே வீட்டுல வச்சிருக்கக் கூடாதும்மா, பாப்பா கண்ணுல பட்டா அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எங்கே ஒளித்து வைப்பது என்று யோசித்தேன். பேனருக்குத் துணி தேடி அந்தப் பிள்ளைகள் திறக்காத அலமாரி கிடையாது. சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை அண்ணி. ஆனால் முழுக்கத் தெரியாமல் என்று எழுதினால் அந்தப் படத்தை நான் மறுபடி பார்க்க முடியாது. ‘மார்க் கொடுக்க மாட்டோம்’ என்று அவர்கள் கத்துவது தினமும் காதில் விழத்தான் செய்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மாட்டோம் என்று சொன்னது அவர்கள், ஸ்டிரைக் அவர்களுக்கு. நான் எந்த ஸ்டிரைக்கிலும் இல்லையே. இந்த வீட்டு வேலைக்கு ஸ்டிரைக் ஏது? அவர் கொண்டுபோய்க் கொடுத்தால் குற்றம். நான் கொடுத்தால், பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, உடையவர்கள் பொருள் உடையவர்களிடம் போகிறது, அவ்வளவுதானே. இந்தப் புத்தி சாமி கொடுத்தது என்று வேறு நினைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாப்பாட்டுப் பைகளோடு அதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒளித்துக் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கவில்லை, வீட்டில் வேறு பை இல்லை. பந்தலில் அவரைக் காணோம், டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். சங்கு என்னைப் பார்த்ததுமே ஊதினாள்: “அத்தை வந்தாச்சு, வழி விடுங்கப்பா!” பல்கலைக்கழகத்து வண்டி, தபால்காரர், ஏன், மேலதிகாரியின் காரைக்கூட விடாமல் நின்றவர்கள், எனக்கு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். கை வேறு தட்டினார்கள். தாடி ஒரு பையை வாங்கிக்கொண்டான். பாப்பா விடைத்தாள் கட்டு இருந்த பையை எடுத்தாள். “என்ன அத்தை, இன்னைக்கு இவ்வளவு கனம்? கல்லு மாதிரி இருக்கு!” “உள்ளே கொடுக்கணும்மா” என்றேன். அது பொய்யில்லை. “எங்க அத்தை கை கனம் யாருக்கு வரும்!” என்று அவளே தோளில் போட்டுக்கொண்டு, வாசலை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, ஆபீஸ் படி வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அண்ணி, அந்த மூட்டையைச் சுமந்தது உங்கள் மகள்.

உள்ளே தேர்வு அதிகாரியின் ஆபீஸில் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேய் அறைந்த மாதிரி எழுந்து உள்ளே ஓடினார். அதிகாரியே வெளியே வந்தார். “வாங்கம்மா, உட்காருங்கம்மா” என்று நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார். அந்தக் கட்டடத்தில் என்னை உட்காரச் சொன்ன முதல் மனிதர் அவர். “யாராவது பார்த்தாங்களா?” என்றார். “எல்லாரும் பார்த்தாங்க, வழிகூட விட்டாங்களே” என்றேன். காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போது மரியாதையாகப் பட்டது. கூட்டலைப் பார்த்துவிட்டு, “ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லையே! சார் மாதிரி பொறுப்பானவங்க உண்டா” என்றார். கூட்டல் நான் போட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டு இன்னொரு வாய் காபி குடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணி. அந்த நாற்காலியை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டார்கள். ‘மூத்த பேராசிரியர் மாணவர் நலன் கருதி மதிப்பெண்களை ஒப்படைத்துவிட்டார், மற்றவர்களும் பின்பற்றவும்’ என்று. மற்றவர்களும் பின்பற்றினார்கள். அலமாரிக்குள்ளே இரகசியமாகத் திருத்தி வைத்திருந்தது உங்கள் தம்பி மட்டும் இல்லை போலிருக்கிறது. ஒவ்வொருவராகத் துணிப்பையோடு பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார்கள். “யாரு கொடுத்தாலும் எங்க மாமா கொடுக்க மாட்டாரு” என்று பாப்பா முன்தினம்தான் மேடையில் பேசியிருக்கிறாள். அந்தப் பேச்சை இப்போது போராட்டத்தில் சேராதவர்கள் போனில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்களாம்.

அவள் வீட்டுக்கு வந்து கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, “மாமா, நீங்களா கொடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். நான் கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “ஆமாம்மா. நான்தான்” என்றார். “ஏன் மாமா?” “தெரியலைம்மா.” “பிடிக்கலைன்னா கையைத் தூக்காம இருந்திருக்கலாமே மாமா. யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே. உங்களைப் பார்த்துத்தானே அவங்க தூக்கினாங்க.” நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மனுஷன் எனக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாரே என்று உள்ளே உருகினேனே தவிர, வெளியே வாயைத் திறக்கவில்லை. அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, “அத்தை, நீங்க சாப்பிடாம இருக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு அறை அறைந்திருக்கலாம்.

இரண்டு நாள் தாங்கினேன். அப்புறம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனேன், எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று. இப்போது வாசலில் எல்லாப் பையையும் பரிசோதனை பண்ணுகிறார்கள். சங்குதான் என் பையைத் திறந்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துவிட்டு, “மன்னிச்சிடுங்க அத்தை, இப்ப இதுதான் முறை” என்றாள். அவளுக்கே கண் கலங்கியது. தாடி, “சாப்பிட்டாச்சு அத்தை” என்றான். அவன் வயிறு அதை மறுத்துச் சத்தம் போட்டது எல்லாருக்கும் கேட்டது. எல்லார் முன்னாலும் சொல்லத் தைரியம் வரவில்லை, பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “மாமா இல்லைம்மா, நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ தூக்கின பையில இருந்தது அதுதான்” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தை, மாமாவைக் காப்பாத்த நீங்க எதையும் சொல்லுவீங்க. கொண்டுபோனது நீங்களா இருக்கலாம். ஆனா அவருக்குத் தெரியாம அந்த வீட்டுல ஒரு குண்டூசி நகருமா? உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது அத்தை, பழகாதீங்க” என்றாள். அவளிடமிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள், பந்தலில் தண்ணீர்க் குடம் நிரப்புகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். என்னோடு பேசிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே அண்ணி, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நான் உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். நீங்கள் பெற்றவர், நீங்கள் சொன்னால் நம்புவாள். அவள் மாமா ஒரு பாவமும் அறியாதவர், பழியைச் சுமப்பது மனைவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் இப்போதும் வகுப்பு நேரத்துக்கு வாசலுக்குப் போகிறார். பந்தலுக்குள் போவதில்லை. எதிர்ச்சாரியில் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறார். யாரும் அவரை வா என்று சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. உங்கள் வயிற்றில் பிறந்தவளுக்கும் உங்கள் கூடப் பிறந்தவருக்கும் நடுவில் நான் வந்து இப்படி ஒரு பள்ளத்தைத் தோண்டிவிட்டேனே என்று நினைத்தால் சாமி அலமாரிப் பக்கம் போகவே கால் கூசுகிறது. போராட்டம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கொடுக்காமல் உறுதியாக நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் நிற்கிற வரைக்கும் அது நிற்கும்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் கடவுள் நீண்ட ஆயுளும் திடமான முழங்காலும் கொடுக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும், அதற்கு இப்போது மதிப்பு ஏதாவது இருந்தால், சொல்லவும்.

தலைகுனிவுடன்,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். உறையை ஒட்டவில்லை. வாசற்படியில் நின்றே படித்துவிட்டுத் திரும்பி வந்து, “இதை அனுப்பாதே” என்றார். “ஏன், எழுத்துப் பிழையா?” என்றேன். “எழுத்து சரியா இருக்கு. விஷயம்தான் பிழை” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே சொல்கிறார்: “அன்னைக்கு டீக்கடையில நின்னு உன்னைப் பார்த்தேன். நீ ரோட்டைத் தாண்டி வந்தே. அந்தப் பை எப்படித் தொங்குதுன்னு பார்த்ததுமே உள்ளே என்னன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு குரல் கொடுத்திருந்தா நின்னிருப்பே. கொடுக்கலை. வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு உன்கிட்ட சொன்னப்பவே, நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? நான் கொடுத்ததா ஆகாது, கொடுக்காம இருந்ததாவும் ஆகாதுன்னு நெனச்சேன். பாப்பா தோள்ல அந்தப் பை ஏறினதையும் பார்த்தேன். டீயைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் வெளியே வந்தேன்.” “அப்போ அவகிட்ட நான்தான்னு சொன்னது?” “நெசத்தைத்தான் சொன்னேன்.” “எனக்காகன்னு நெனச்சேனே!” “நீ நெனச்சே. நல்லா இருந்துச்சு, நானும் விட்டுட்டேன்.”

அண்ணி, ஆகவே மேலே எழுதியதில் அவரைப் பற்றி நல்லதாக இருப்பதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பாப்பாவிடம் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம், அந்தப் பெண் முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை இரண்டு பேரும் பந்தலுக்குப் போகிறோம், வெறுங்கையோடு. கேட்கிறவர்கள் கேட்கட்டும். நீங்கள் மறுபடி போன் செய்வதென்றால் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுங்கள். அவரை மட்டும் திட்டினால் எனக்குத் தாங்காது. என்னை மட்டும் திட்டினால் அவருக்கு அது மறுபடியும் வசதியாகப் போய்விடும்.